பஞ்சாரம் முதல் கம்பிக்கூண்டு வரை: ஒரு கோழிக்கூட்டின் வரலாறு

மலர்க் குழுவினர் இந்த முறையும் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். கோழிக்கூட்டைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். "சார், கோயில், கல்வெட்டு, அரண்மனைன்னு ஏதாவது எழுதுங்களேன்" என்று ஒரு தம்பி தயங்கினார். அரண்மனைக்கு வரலாறு எழுத ஆள் உண்டு. நம் வீட்டுப் பின்புறத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்த கோழிக்கூட்டுக்கு நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? சிரிக்காமல் படித்து முடிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதில் என் சொந்தத் தவறு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

எங்கள் பூர்வீகம் தக்கலைக்கு அருகில் ஒரு சிற்றூர். அப்பா சாலைக் கடைவீதியில் கணக்குப்பிள்ளையாக வந்தவர். நான் படித்ததும், வேலை பார்த்ததும், ஓய்வு பெற்றதும் திருவனந்தபுரத்தில்தான். நேமத்தில் 5 சென்ட் நிலத்தில் வீடு. அம்மா மட்டும் ஊரிலேயே இருந்தார். தனியாக இருக்க முடியாத வயது வந்தபோது, 2019-இல், அவரையும் இங்கே அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் அம்மாவின் பேச்சு குறைந்துவிட்டது. மாலை மங்கும் நேரத்தில் மட்டும் திண்ணைக்கு வந்து, "மக்கா, கோழி அடஞ்சாச்சா?" என்று கேட்பார். வீட்டில் கோழியே கிடையாது. ஊரில் எண்பது வருஷம் கேட்டுப் பழகிய கேள்வி அது.

2020-இல் ஊரடங்கு வந்தது. ஊரே மாடித் தோட்டம், மீன் தொட்டி, கோழி என்று இறங்கியது. அம்மாவுக்காக நாமும் நாலு கோழி வாங்குவோம் என்று முடிவு செய்தோம். கோழி வாங்குவது எளிது. எந்தக் கூடு வாங்குவது என்பதில்தான் நான் சறுக்கினேன். அந்தச் சறுக்கலுக்குப் பிறகுதான், நம் முன்னோர் கோழியை எப்படி வைத்திருந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

மனையில் வாழ்ந்த கோழி

தமிழருக்குக் கோழி புதிதல்ல. சோழரின் பழைய தலைநகரான உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் உண்டு. கோழிக்கும் கூகைக்கும் பெண்பாற் பெயராக 'அளகு' என்ற சொல்லைத் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், மனையில் வாழும் கோழியை வாட்டி விருந்தினருக்கு இடும் செய்தி வருகிறது. பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் அதைச் சொன்னார் என்பார்கள். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. கோழி கூண்டில் இல்லை, முற்றத்தில் திரிகிறது. அதைக் கவனிக்க வீட்டில் ஆளும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையிட்டு மடிந்த சேவலுக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள்.

கோழியின் உறைவிடத்துக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! கூடு, கூண்டு, குடாப்பு, பஞ்சாரம். தெற்கே சிலர் கோழிமடம் என்றும் சொல்வதுண்டு. இவற்றில் பஞ்சாரம் கவனிக்கத்தக்கது. கூண்டு என்று பொருள்படும் 'பஞ்சரம்' என்ற வடசொல்லோடு தொடர்புடையது. ஆனால் பொருளைப் பாருங்கள்: மூங்கில் பத்தையால் பின்னிக் கவிழ்த்த பெரிய கூடை, அதற்கு அடிப்பகுதியே கிடையாது. உள்ளே இருக்கும் தாய்க்கோழியும் குஞ்சும் மண்ணில்தான் நிற்கும், மண்ணைத்தான் கிளறும். காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்காமலிருக்க மேலே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று தூக்கி வைத்துக்கொள்ளலாம். பெயர் கூண்டாக இருந்தாலும் அது கோழியை மண்ணிலிருந்து பிரிக்கவில்லை.

இரவுக்கு வேறு ஏற்பாடு. எங்கள் ஆச்சி வீட்டில் அடுக்களைச் சுவரை ஒட்டிக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சின்னக் கூடு. முன்னால் மேலே தூக்கும் பலகைக் கதவு. பலகை மேல் ஒரு கல். உள்ளே ஆள் கைவிட்டு எட்டும் ஆழம்தான். பத்துக் கோழி நெருங்கி உட்காரும். இன்றைய கணக்குப்படி பார்த்தால் அது நெரிசல். ஆனால் கோழி அதற்குள் இருந்தது இருட்டிலிருந்து விடியும் வரை மட்டுமே. விடிந்தால் பலகை மேலே போய்விடும். வைக்கோல் படப்பு, தொழுவம், வாழைத்தோப்பு, குப்பைக்குழி எல்லாம் கோழியின் வீடு. புழு, கறையான், சிந்திய நெல் எல்லாம் தீனி. சாம்பலும் புழுதியும் குளியல். உடம்பில் ஒட்டும் பேன் அதனால்தான் போகும். மாலையில் ஆச்சி "பா... பா..." என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றாக எண்ணி, பலகையை இறக்குவாள். ஒன்று குறைந்தாலும் அரிக்கேன் விளக்கோடு தேடப் போய்விடுவாள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பழைய கூட்டுக்கு இருந்த வேலை மிகச் சிறியது. மீதி வேலையை முற்றமும் ஆச்சியும் செய்தார்கள்.

மார்த்தாண்டத்து வெள்ளைச் சேவல்

எங்கள் ஊர்ப்பக்கம் கோழி வளர்ப்பில் ஒரு திருப்பம் 1920-களில் வந்தது. அன்று மார்த்தாண்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சேலத்தில் பிறந்தவரும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் இந்தியத் தேசியச் செயலாளராக இருந்தவருமான கே.டி. பால், ஊர்ப்புற மறுசீரமைப்பு என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் வழியில் மார்த்தாண்டத்தில் ஒரு செயல்விளக்க மையம் உருவானது. அதை நடத்தியவர் அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹாட்ச். தம் அனுபவங்களை 1932-இல் ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். மார்த்தாண்டம் தேன் என்று இன்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அந்தப் பெட்டித் தேனீ வளர்ப்புக்கு அடித்தளம் இட்டது இந்த மையம்தான்.

தேனீயோடு கோழியும் அங்கே பாடமாக இருந்தது. வெள்ளை லெகார்ன் என்ற இத்தாலிய வழிக் கோழியினத்தை ஊர்க்கோழியோடு சேர்த்து முட்டையைப் பெருக்குவது, முட்டையைக் கூட்டுறவு முறையில் சேர்த்து விற்பது என்று அந்த மையம் கற்றுக்கொடுத்தது. கையில் நிலமில்லாத ஏழைக் குடும்பமும் கோழியால் காசு பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆச்சி வெள்ளையாக எந்தச் சேவலைக் கண்டாலும் "மார்த்தாண்டத்துச் சேவல்" என்றுதான் சொல்வாள். அது எங்கிருந்து வந்திருந்தாலும் சரி.

இங்கேதான் கூட்டின் கதை மாறுகிறது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இடும். மரத்திலும் ஏறி உறங்கும், நாயையும் ஏமாற்றும். அதிக முட்டைக்கென்று தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அப்படியல்ல. பெரும்பாலும் அடைகாக்காது. தீனி அளந்து போட வேண்டும். நோய்க்குத் தடுப்பு வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் கொள்ளை நோய்க்கு உலகப் பெயர்களில் ஒன்று ராணிக்கேத். 1920-களின் பின்பாதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். முட்டை கூடியபோது கோழிக்கு நாம் செய்ய வேண்டிய வேலையும் கூடியது.

3 சென்ட் கணக்கு

1956 நவம்பர் 1-ஆம் நாள் எங்கள் ஆச்சியின் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் போனது; அப்பாவின் கடை கேரளத்தில் நின்றது. அன்று நான் மூன்று வயதுப் பையன். பிறகு பல வருஷம், பஸ்ஸில் ஊரிலிருந்து ஒரு பானை வரும். உமிக்குள் புதைத்து வைத்த முட்டைகள். இரண்டு மாநிலத்தைத் தாண்டி வந்த அந்த முட்டை ஒன்றும் உடையாமல் இருக்கும்.

நகரத்தில் நாங்கள் கோழி வளர்க்கவில்லை, இடமில்லை. இடமில்லாமை எங்களுக்கு மட்டுமல்ல. 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த மண்ணைச் சொந்தமாக்கும் உரிமை தந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் என்பது அளவு. அது எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வு தந்த சட்டம் என்பதில் ஐயமில்லை. 3 சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. அதில் வீடு, கிணறு, கழிப்பறை போக மிஞ்சுவதில் ஒரு கோழி எவ்வளவு தூரம் நடக்கும்? பத்தடி நடந்தால் அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தி.

இந்த இடுக்கில்தான் கம்பிக்கூண்டு வந்து சேர்ந்தது. கோழியை அடுக்கடுக்கான கம்பிக் கூண்டில் வைக்கும் முறை 1930-களில் மேலைநாடுகளில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. தீவனம் முன்னால், முட்டை உருண்டு வர ஒரு சரிவு, எச்சம் கீழே. நம் நாமக்கல் பண்ணைகள் வளர்ந்ததும் இந்த வழியில்தான். கேரளத்து வீடுகளில் உடையும் முட்டையில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது நாம் அறிந்ததே.

பண்ணைக் கூண்டின் சிறிய வடிவம் பிறகு வீட்டுக்கும் வந்தது. பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு 1989-இல் தொடங்கிய கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம், 'நகரப்பிரியா' என்ற திட்டத்தில் நகரக் குடும்பங்களுக்கு ஐந்து கோழியும் ஒரு கூண்டும் சேர்த்து வழங்கியது. இடமில்லாத வீட்டிலும் தினம் முட்டை கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். மாநகர மொட்டை மாடிகளில் இன்றும் இத்தகைய கூண்டுகளைக் காணலாம்.

கூண்டுக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் விதி வகுத்து, 2012 ஜனவரி 1 முதல் பழைய வகைக் கம்பிக்கூண்டைத் தடை செய்தது. நம் நாட்டிலும் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக் கோழிகளின் இடவசதி பற்றிப் பரிந்துரை செய்தது. நாம் அலுவலகத்தில் எழுதும் ஏ4 தாள் ஒன்றின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பாவில் தடைக்கு முன் ஒரு கோழிக்கு விதித்திருந்த குறைந்தபட்ச இடம் 550. சிறகை விரிக்கக்கூட இடம் போதாது.

நான் செய்த தவறு

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஒரு கடையில் பச்சை வண்ணம் அடித்த, சக்கரம் வைத்த கம்பிக்கூண்டு ஒன்றைப் பார்த்தேன். "சாரே, இதிலே நாலு கோழி சுகமாயிட்டு இரிக்கும். தீவனமும் வெள்ளமும் கொடுத்தா மதி" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். நாலு முட்டைக்கோழியும் வாங்கி, வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையின் கீழே நிறுத்தினேன். தினமும் மூன்று நாலு முட்டை. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் புகார் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. "முட்ட கொள்ளாம் சாரே, நாற்றமாணு பிரஸ்னம்" என்றார் அண்டை வீட்டுக்காரர், மிகவும் மரியாதையாக. எச்சம் தட்டில் விழுந்து ஈரத்தில் கிடந்தது. நான் வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது புகார் அம்மாவிடமிருந்து. கூண்டு பின்புறம் இருந்ததால் அவர் கண்ணில் படாது. ஒரு நாள் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக தரையில எறங்காதா மக்கா?" என்றார். இல்லை என்றேன். பிறகு அவர் அதைப் பார்க்க வரவில்லை. மாலையில் அதே கேள்விதான்: "கோழி அடஞ்சாச்சா?" அடைவதற்கு அவை வெளியே போயிருந்தால்தானே?

அக்டோபரில் துலாவர்ஷம் பிடித்தது. திருவனந்தபுரத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். சாரல் அடிக்கிறதே, கோழிக்குக் குளிருமே என்று கூண்டைச் சுற்றித் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினேன். நாலு நாள் அவிழ்க்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தபோது ஒரு கோழி செத்துக் கிடந்தது. மற்ற மூன்றுக்கும் கண் வீங்கி, மூக்கில் நீர். அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு போயின.

கால்நடை மருத்துவர் தார்ப்பாயைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். காற்றுப் போக்கு இல்லாவிட்டால் அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். அதன் மேல் நோய்க்கிருமி எளிதாக ஏறும் என்று விளக்கினார். "நம்ம ஊர்ல கோழி குளிரால சாகறது அபூர்வம் சார். மூச்சு முட்டித்தான் சாகுது" என்றார். நான் நல்லது என்று நினைத்துச் செய்தது கொலையாக முடிந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை; கூண்டின் மேலும் முழுக் குற்றமில்லை. தீவனமும் தண்ணீரும் தந்தால் போதும் என்று நம்பினேனே, அதுதான் குற்றம். ஆச்சியின் முற்றம் செய்துவந்த வேலை அத்தனையையும் ஒரு தகரப் பெட்டி செய்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

படத்தில் இருப்பது யாருடைய கூடு?

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. மருமகள் அழகான மரக்கூட்டுப் படங்கள் சிலவற்றைக் காட்டினாள். சிறு ஜன்னல், இறுக்கமான கதவு, குட்டி வீடு போன்ற அமைப்பு. இந்த வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1840-களில் விக்டோரியா மகாராணிக்காக விண்ட்சரில் ஒரு கோழிமனை கட்டினார்கள். கீழை நாட்டுப் பெரிய கோழிகள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. செல்வர் வீடுகளில் கோழிப் பித்து பிடித்து ஆட்டியது. அவற்றில் ஒன்றுக்கு 'கொச்சின்' என்று பெயர். நம் கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; சீனத்திலிருந்து போன கோழிக்கு வியட்நாம் பக்கத்துக் கொச்சின் சீனாவின் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார்கள். பனி பெய்யும் நாட்டில் கூடு என்பது சூட்டைக் காக்கும் அறை. நமக்கு வேண்டியது நேர்மாறு: மழையைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுக்கக் கூடாது.

நம் ஊர்க் கோழியே இந்தப் பாடத்தை உடம்பில் சுமக்கிறது. கழுத்தில் இறகில்லாத கோழியைத் தமிழ்நாட்டில் கிராப்புக் கோழி, கழுகுக்கோழி என்பார்கள். அந்த இனத்தின் இந்தியத் தாயகமாகக் கோழியின ஆய்வாளர்கள் குறிப்பது நம் திருவனந்தபுரம் வட்டாரத்தைத்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இறகு குறைந்த கழுத்தின் வழியே உடற்சூடு எளிதில் வெளியேறும். வெப்பநாடுகளின் கோழி ஆராய்ச்சியில் இந்தக் கழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

காற்றுக்கு வழி சொல்லித் தந்த இன்னொருவரும் நம் நகரத்தில் வாழ்ந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இங்கிலாந்தில் பிறந்து, நாலாஞ்சிறையில் வீடு கட்டி வாழ்ந்து, 2007-இல் மறைந்தவர். செங்கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு அவர் எழுப்பிய சாளரச் சுவர்களை உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் இன்றும் பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் வரும், மழைச்சாரல் பெரிதும் மட்டுப்படும். மனிதனுக்கு நல்லது கோழிக்கு ஆகாதா?

எங்கள் கூடு

இனி எப்படிக் கட்டினோம் என்று சொல்கிறேன். கோழி வளர்க்க நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் இடம். இம்முறை பின்சுவரை விட்டு, திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கவாட்டில் வைத்தோம். காலை வெயில் கொஞ்சம் படும். நடுப்பகலில் முருங்கையும் வாழையும் நிழல் தரும். கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக. வெயில் நேராக உள்ளே இறங்காமலிருக்க இதுவே ஏற்றது.

உறங்கும் அறை 4 அடிக்கு 3 அடி, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். நாலு கோழிக்கு இது தாராளம். அதோடு சேர்ந்து, பகலில் மண்ணில் நிற்க 8 அடிக்கு 6 அடி கம்பி வலைப் பந்தல். ஆளுக்கு, இல்லை கோழிக்கு, 12 சதுர அடி மண் கிடைத்தது. ஆச்சியின் முற்றம் இல்லைதான். ஆனால் கிளற மண் உண்டு. ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த குளியல் குழியும் உண்டு.

பின்சுவர் செங்கல் சாளரம். கூரை, எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த ஓடு. முன்னால் ஒன்றரை அடி நீட்டிவிட்டோம். தகரம் வெயிலில் கொதிக்கும், மழையில் அலறும்.

வலையில் சிக்கனம் கூடாது. ஆறு கோண ஓட்டையுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். மரநாயை வெளியே வைக்காது. மலையாளத்தில் மரப்பட்டி என்பார்களே, அது நம் நகரத்து ஓட்டு வீடுகளின் நிரந்தரக் குடித்தனக்காரர். கீரியும் தெருநாயும் உண்டு; முட்டை தேடிச் சாரைப்பாம்பும் வரும். அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தோம். வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் இறக்கினோம், தோண்டி நுழையாமலிருக்க.

உள்ளே, பாக்குமரத் தடி ஒன்றை வழுவழுப்பாகச் செதுக்கி உறங்கும் கழியாக வைத்தோம். ஒரு கோழிக்கு ஒன்பது, பத்து அங்குலம் போதும். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்று; நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி தாராளம். கழி பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே உறங்கி அசிங்கம் செய்யும். தரையில் உமியும் காய்ந்த இலையும் மூன்று அங்குலம். ஈரமானதை மட்டும் தினமும் அள்ளி வாழை மூட்டில் போட்டுவிடுவேன். அதன் பிறகு அண்டை வீட்டிலிருந்து புகார் வரவில்லை. முட்டை போகிறது, பப்பாளி வருகிறது.

சேவல் வைக்கவில்லை. முட்டையிடச் சேவல் வேண்டியதில்லை. விடிகாலைக் கூவல் நமக்குச் சங்கீதம், பக்கத்து வீட்டுப் பரீட்சைப் பிள்ளைக்குத் தொல்லை. சேவல் சேராத முட்டைக்குள் கரு வளராது. ஆகவே வெயில் காலத்தில் சீக்கிரம் கெடாது என்பதும் ஒரு லாபம்.

எந்தக் கோழி என்பதும் கூட்டோடு சேர்ந்த கேள்வி. ஆண்டுக்கு 300 முட்டை இடும் கலப்பினம் கூண்டுக்கென்று வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளை லெகார்னையும் ஆஸ்திரலார்ப்பையும் சேர்த்து உருவாக்கிய கிராமலட்சுமி 180, 200 இடும், முற்றத்திலும் பிழைக்கும். நாங்கள் இரண்டு கிராமலட்சுமி, ஒரு கிராப்புக் கோழி வாங்கினோம். முதல் கூட்டத்தில் பிழைத்த ஒன்றையும் சில வாரம் தனியே வைத்துத் தேற்றி, இவற்றோடு சேர்த்துவிட்டோம். முதல் நாள் அது மண்ணில் கால் வைக்கத் தயங்கியது. மூன்றாம் நாள் மற்றவற்றைவிட ஆழமாகக் குழி தோண்டியது.

எண்ணுவதற்கு ஓர் ஆள்

கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு சொல். ஆசாரி அதை உயரத்தில் வைக்கப் பார்த்தார். அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள் என்றேன். அன்று மாலை அம்மா திண்ணையை விட்டு இறங்கிவந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று விரல் நீட்டி எண்ணி, தாமே தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு கேள்வி கேட்கவில்லை. பதில் அவரிடமே இருந்தது. அதன் பின் ஆச்சியைப் பற்றி, ஊரைப் பற்றி, 1956-இல் எல்லை மாறிய நாளில் ஊரில் வெடி போட்டதைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தார். இக்கட்டுரையில் ஆச்சி வீட்டுச் செய்திகளில் பாதி அந்த மாலைகளில் கேட்டவை.

2022 மார்கழியில் அம்மா காலமானார். அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், நம் மாவட்டத்து அழூர் பஞ்சாயத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த கோழி, வாத்துகளை அழிக்க உத்தரவானது. பண்ணைக் கோழியோடு வீட்டுக் கோழியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. செய்தியைக் கேட்டதும் பந்தலின் மேற்பகுதிக்கும் கூரை போட்டேன். காட்டுப் பறவைகளின் எச்சம் தீவனத்திலும் தண்ணீரிலும் விழாமலிருக்க இது உதவும். எங்கள் பகுதிக்கு நோய் வரவில்லை. ஆனால் முற்றத்தில் திறந்து விடுவதே நல்லது, அடைத்து வைப்பதே கெட்டது என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அந்த மாதம் கற்றுத் தந்தது.

ஆகவே, எந்தக் கூடு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே. முற்றம் செய்த வேலையில் எவ்வளவை நீங்கள் தினமும் செய்யத் தயார்? பஞ்சாரமானால் முற்றம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். கம்பிக்கூண்டானால் தினமும் எச்சம் அள்ள வேண்டும், காற்றைத் திறந்துவிட வேண்டும். கோழி மண்ணைக் காணாது என்பதையும் மனசு ஏற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்களுடையது போல ஒன்றைக் கட்டலாம். எதை வாங்கினாலும், கூடு செய்யாத வேலை மிச்சம் இருக்கும். அதைச் செய்ய வீட்டில் ஒருவர் வேண்டும். நேரமில்லாதவர்கள் கோழியை விட்டுவிட்டு முட்டையைக் கடையில் வாங்கிக்கொள்வது கோழிக்கும் நல்லது.

மாலையில் எண்ணுவது இப்போது என் வேலை. பேத்தியும் கூட நிற்பாள். அவளுக்குத் தமிழ் எண்கள் பத்துக்கு மேல் தடுமாறும். நாலு வரை பிசகாது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவாள்: "கோழி அடஞ்சாச்சு!"